பால்கோவாவும் பால்வெளியும்

ராஜபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே தங்கச்சி பிடித்துக்கொண்டாள். ''அண்ணே, உங்க மருமகன் இன்ஜினீயரிங் வேண்டாங்கிறான். பிஸிக்ஸ் படிச்சு வானத்தை ஆராயப் போறானாம். நீங்கதான் புத்தி சொல்லணும்!''

மாதக் கடைசியில் பாஸ்புக்கைப் பார்த்தே தலைசுற்றும் குமாஸ்தாவுக்கு இப்படியொரு பொறுப்பு! பால்கோவா வாங்குகிற சாக்கில் சாயந்திரம் பையனின் பைக்கில் தொற்றிக்கொண்டேன். நூற்பாலைகளைத் தாண்டி, மேற்கே மலை கூடவே வர, சுமார் 12 கிலோமீட்டரில் ஸ்ரீவில்லிபுத்தூர்.

கோயில் வாசலில், 11 நிலை கோபுரத்துக்குப் பின்னால் பிறை நிலா மெல்ல நழுவியது.

''இதேதான் மாமா! நிலாவுக்குப் பின்னாடி ரேடியோ கேலக்ஸி போகும். சின்னதுன்னா சட்டுனு மறையும். பெரிசுன்னா மெதுவா மறையும். அதை வச்சே அளவைச் சொல்லிடுவாங்க.''

''யாருடா?''

''நம்ம ஊட்டியிலதான்!''

ஊட்டிக்குப் போய் போட் ஹவுஸோடு திரும்பி வந்தவன் நான். பக்கத்திலேயே முத்தோரையில், கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் 1970-ல் எழுப்பிய ரேடியோ தொலைநோக்கி இருக்கிறதாம். நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். பூமியின் அச்சுக்கு இணையாக இருக்க, 11 டிகிரி சரிவுள்ள மலையாகத் தேடிப் பிடித்தார்களாம்.

இந்தக் கேலக்ஸிகளின் நடுவிலுள்ள கருந்துளை இரண்டு பக்கமும் பீய்ச்சியடிப்பது லட்சக்கணக்கான ஒளியாண்டு நீளும். சிலவற்றின் அலைகள் கிளம்பியபோது பூமியே பிறக்கவில்லை! ஊட்டியில் அவற்றின் அளவுகளைக் கணக்கிட்டதில், அன்றைய பிரபஞ்சம் இன்று போல இல்லை என்று தெரிந்தது. 'பிரபஞ்சம் என்றும் மாறாது' என்றவர்களுக்கு எதிராக, பெருவெடிப்புக்கு ஆதரவாக ஒரு சாட்சி.

''எல்லாம் சரி, இதுல சோறு கிடைக்குமா?''

''கிடைக்க லேட் ஆகலாம் மாமா. ஆனா பிடிக்காத வேலையில முப்பது வருஷம் உட்கார முடியாது.''

சுருக்கென்றது. என் சர்வீஸ் இருபத்தெட்டு வருஷம்!

''திருப்பாவை 13-ம் பாட்டுல வெள்ளியும் வியாழனும் வருது. அதை வச்சு ஆண்டாள் காலத்தையே கணிச்சிருக்காங்க. வானம் பார்க்கிறது இந்த ஊருக்குப் புதுசா?''

சுடச்சுட பால்கோவா வாங்கிக்கொண்டு திரும்பினோம். வாசலிலேயே தங்கச்சி. ''அண்ணே, புத்தி சொல்லியாச்சா?''

''சொன்னான்மா!'' என்றேன். ''படிக்கட்டும், விடு.''