தொலைந்த கைத்தொலைபேசியும் தோட்டத்து முகவரியும்

ஒரு பொருளின் பெறுமதி அதன் விலைச்சீட்டில் முழுவதும் எழுதப்பட்டிருப்பதில்லை. உடையவரின் வாழ்வில் அது பெற்றிருக்கும் இடமே அதன் அருமையைத் தீர்மானிக்கின்றது. கொழும்பில் வசதி படைத்த ஒருவர் தம் கைத்தொலைபேசியை இழப்பதும், பதுளைக்கு அப்பால் நமுனுகுலை மலைச்சரிவில் கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி தன்னுடையதை இழப்பதும் ஒரே பெயரால் அழைக்கப்படினும், இரண்டும் ஒரே நிகழ்ச்சியாகிவிடா. இவ்வேறுபாட்டைச் சிறிது நோக்குதல் தகும்.

முதலில் விலையையே எடுத்துக்கொள்வோம். தோட்டத்திலே ஒரு நாள் உழைப்பு ‘ஒரு பேர்’ எனப்படும். 2024ஆம் ஆண்டில் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அக்கணக்கின்படி ஒரு மாதத்தில் 25 பேர் விழுந்தாலும், பிடிப்பனவுகளுக்கு முன் கிடைப்பது 33,750 ரூபாய்தான். சாதாரணத் திறன்பேசி ஒன்றே இத்தொகையின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். ஆகவே, தொலைந்தது ஒரு மாத உழைப்பு. மழையிலும் அட்டைக்கடியிலும் நிரை பிடித்து நின்று பறித்த கொழுந்து.

ஆயினும், பணத்தினும் பெரியதோர் இழப்பு இதிலே உண்டு. லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி இருப்பது அரிது. பெயர், டிவிசன், தோட்டம், நகரம் என்று எழுதப்படும் கடிதம் தோட்டத்து அலுவலகத்தை அடைந்து, அங்கிருந்து ‘தப்பால்’ வழியாகக் கைமாறி வருவதே நெடுங்கால வழக்கம். நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு, அப்பரீட்சை முடிந்த பின்னர் லயத்துக்கு வந்து சேர்ந்த கதைகள் மலையகத்தில் எத்தனையோ உள. இத்தகைய சமூகத்திற்குக் கைத்தொலைபேசியின் பத்து இலக்கங்கள், எவருடைய அலுவலகத்தையும் கடந்து வரவேண்டாத முதலாவது சொந்த முகவரியாக அமைந்தன. மத்திய கிழக்கில் வீட்டுப் பணி செய்யும் மகளின் குரல் அம்முகவரிக்கே வருகின்றது. கொழும்பிற் கடைச் சிப்பந்தியாக இருக்கும் மகன் பணம் அனுப்பிய செய்தியும், பாடசாலை ஆசிரியரின் அறிவித்தலும் அங்குதான் வந்து சேர்கின்றன.

கொள்ளைநோய்க் காலத்தில் இவ்வுண்மை நாடறியப் புலப்பட்டது. 2021ஆம் ஆண்டில் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது, ஊவாவின் போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் அலைவரிசை தேடிக் காடு கடந்து மலைப்பாறையொன்றில் ஏறிப் பாடங்களைப் பெற்ற காட்சி உலகப் பத்திரிகைகளிலும் வெளிவந்தது. ஒரு கருவியைச் சுற்றி ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் அனைவரும் கூடியிருந்து கற்ற காலம் அது. அந்தக் கருவி தொலைந்தால் அவ்வீட்டிலே கல்வியும் தொலைந்தது என்பது மிகையன்று.

ஞாயிற்றுக்கிழமை பதுளைச் சந்தைக்கு வந்து, பசறை நோக்கிச் செல்லும் நெரிசல் மிக்க பஸ்ஸில் ஏறும் மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். ஹிந்தகொடையைத் தாண்டியதும் பையைத் தடவுகின்றாள், கருவி இல்லை. அக்கணமே அவளை வாட்டுவது வீட்டாரின் ஏச்சைப் பற்றிய அச்சம். ‘பொம்பளப் பிள்ளைக்குப் போன் எதுக்கு?’ என்று முன்னரே முணுமுணுத்த சுற்றத்தாருக்கு ஒரு காரணம் கிடைத்துவிடுகின்றது. அதனுள் இருந்த படங்கள் எவர் கையிற் சிக்குமோ என்ற கலக்கம் வேறு. இந்த அச்சத்தினாலே இரண்டு மூன்று நாட்கள் எவருக்கும் கூறாது மறைத்துவிடுவோர் உளர். தீங்கு விளைவது பெரும்பாலும் அந்த மௌனத்தினாலேயே. பொருளை இழந்த பிள்ளையை ஏசாதிருப்பது பெற்றோர் செய்யத்தக்க முதலுதவி.

அடுத்துச் செய்யத்தக்கவை கடினமானவையல்ல. அருகிலிருப்பவரின் தொலைபேசியை வாங்கித் தன் இலக்கத்திற்கு அழைத்தல் வேண்டும். கண்டெடுத்தவர் நல்லவராயின் பதில் கூறுவார். நடத்துநரிடமோ கடைக்காரரிடமோ ஒப்படைக்கப்பட்டு மீண்ட கருவிகளும் பல. பதில் இல்லையெனின், சேவை நிறுவனத்தை அழைத்துச் சிம் அட்டையை முடக்குவித்தலும், வங்கிக்கு அறிவித்தலும், கூகுள் கணக்கின் வழியே கருவியைத் தொலைவிலிருந்து பூட்டுதலும் தாமதிக்கத்தகாதவை. பின்னர் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்தல் வேண்டும். அங்கே வினவப்படும் ஐ.எம்.ஈ.ஐ. எண் பதினைந்து இலக்கங்களைக் கொண்டது. உலகில் ஒவ்வொரு கருவியையும் பிறிதொன்றிலிருந்து பிரித்தறிய உதவும் எண் அதுவே. அதைக் கொண்டு, வேறு சிம் அட்டை இட்டாலும் கருவி இயங்காதவாறு வலையமைப்புகள் தடுக்கவியலும். விற்பனைப் பெட்டியில் அது அச்சிடப்பட்டிருக்கும். நட்சத்திரக் குறி, சதுரக் குறி, 06, மீண்டும் சதுரக் குறி என அழுத்தினால் திரையிலும் தோன்றும். பெட்டியை அடுப்பெரித்தவர்களுக்கு இவ்வழி அடைபடுகின்றது.

முறைப்பாட்டைத் தமிழிற் கூறலாமோ எனப் பலர் தயங்குவர். அரச அலுவலரோடு தமிழிற் கருமமாற்றும் உரிமையை அரசியலமைப்பின் 16ஆவது திருத்தம் 1988ஆம் ஆண்டிலேயே உறுதிசெய்துள்ளது. சட்டம் உளதாயினும் மேசைக்கு அப்பால் தமிழறிந்தவர் இல்லாதபோது, விளங்காத மொழியில் எழுதப்பட்ட தாளிற் கையொப்பமிட்டுத் திரும்பும் நிலை நேர்கின்றது. எழுதியதை வாசித்துக் காட்டுமாறு கேட்பது உரிமை. அதிலே கூச்சத்திற்கு இடமில்லை.

கருவி மீளாவிடினும் இலக்கத்தை மீட்கலாம். அதே இலக்கத்திற்குப் புதிய சிம் அட்டை பெறத் தேசிய அடையாள அட்டை போதும். ஆனால், அவ்விலக்கம் தம் பெயரிலேயே பதியப்பட்டிருத்தல் வேண்டும். இடர்ப்பாடு இங்கேதான் எழுகின்றது. அடையாள அட்டை இல்லாத வயதில் மாமன் பெயரிலோ, அவசரத்திற்குக் கடைக்காரரின் பெயரிலோ எடுத்த இலக்கத்தைப் பத்து ஆண்டுகள் பயன்படுத்தியிருந்தாலும், அது சட்டப்படி பிறருடையதே. அந்த மாமன் ஊரிலில்லாவிடின் முகவரி முற்றாக அழிந்துவிடும்.

தம் பெயரிற் பதிவு இல்லாமையின் துயரை மலையகத் தமிழருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கியது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியோர்க்கும் உரிமை வழங்கும்வரை, ஐந்து தசாப்தங்களுக்கு மேலாக ஒரு தாளுக்காகக் காத்திருந்த மக்கள் அவர்கள். அத்தகைய மக்கள் தம் கைப்பட்ட முகவரியைப் பிறர் பெயரில் விட்டுவைத்தல் பொருந்துமோ?

தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் புகுந்த மாணவர்க்கு இதிலே ஒரு கடமை உண்டு. அடுத்த விடுமுறையில் ஊர் செல்லும்போது, தம் லயத்திலுள்ள ஒவ்வொரு வீட்டிலும் இலக்கம் எவர் பெயரில் உள்ளது என விசாரிக்கலாம். மாற்ற வேண்டியதை நகரத்துக் கிளைக்கு அழைத்துச் சென்று மாற்றுவிக்கலாம். பதினைந்து இலக்க எண்ணையும், பிள்ளைகளின் தொலைபேசி இலக்கங்களையும் சுவர்க் கலண்டரின் பின்புறத்தில் எழுதிக் கொடுக்கலாம். ஒரு பேனாவும் ஒரு மாலைப்பொழுதும் இதற்குப் போதும். வீடுதோறும் முகவரி வேண்டுமென்ற கோரிக்கை அதனோடு ஓய்ந்துவிடலாகாது. அது வேறொரு நெடிய போராட்டம். அது கைகூடும் நாள்வரை, அந்தப் பத்து இலக்கங்களையேனும் அவரவர் பெயரில் நிலைநிறுத்தி வைப்போம்.