பற்று வரவு

பி.காமில் படித்ததில் ஒன்றுதான் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஒரு பக்கம் வரவு வைத்தால், இன்னொரு பக்கம் பற்று எழுதியே ஆக வேண்டும். பாடாலூரில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா மாசமாக இருந்தபோதுதான் அது நிஜமாகவே புரிந்தது.

சின்ன வெங்காயக் காட்டு வேலைக்கு நடுவே மூன்று மாதம் வாந்தி. அதற்குள் உள்ளே இதயம் துடிக்க ஆரம்பித்திருக்கும். 6 வாரம் போதும். ஐந்தாம் மாதம், ‘‘மீன் துள்ளுற மாதிரி இருக்குடா’’ என்றாள். ஏழாம் மாதம் வளைகாப்பு. வளையல் சத்தம் பிள்ளைக்குக் கேட்கும் என்றார் அம்மா. வாஸ்தவம்தான். ஆறாம் மாதமே காது விழித்துக்கொள்கிறது.

வந்தவர்கள் எல்லோரும், ‘‘குழந்தை எப்படி இருக்கு?’’ என்றார்கள். அக்காவை யாரும் கேட்கவில்லை, நானும்தான்.

ஊருக்கு வரும் நர்ஸம்மாதான் அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். வெளுத்துக் கிடந்தது. ஹீமோகுளோபின் 11-க்குக் குறையக் கூடாது; அவளுக்கு 8. தாயின் ரத்தம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகப் பெருக வேண்டிய காலம். கடைசி மூன்று மாதத்தில் குழந்தையும் தன் பங்கு இரும்புச்சத்தை எடுத்துச் சேமித்துக்கொள்ளும். எல்லாம் அவள் கணக்கில்தான் பற்று!

கொடுத்த மாத்திரையெல்லாம் அரிசிப் பானைக்குள் இருந்தது. ‘‘வெளிக்குக் கறுப்பா போச்சுடா, பயந்துட்டேன்.’’

‘‘அது அப்படித்தாம்மா போகும். டீயோட போடாதே, எலுமிச்சை ஜூஸோட போடு’’ என்றார் நர்ஸம்மா.

அக்கா பிழைத்தாள். மகள் இப்போது கல்லூரியில்.

உங்கள் வீட்டிலும் யாராவது மாசமாக இருக்கலாம். குழந்தையை அப்புறம் விசாரியுங்கள். முதலில், ‘‘மாத்திரை போட்டியாம்மா?’’ என்று கேளுங்கள்.