தொப்பியின் நாதம்

தவிலின் வலந்தலை ஒலியைச் சிறிய ஒலிபெருக்கியும் தந்துவிடும். தொப்பியின் தாழ்ந்த நாதத்துக்கோ மிகுதியான காற்று அசைய வேண்டும். லொறிச் சாரதியான என் மைத்துனரை வாட்டிய குறை இதுவே. வண்டியோடு வந்த ஒலிபெருக்கிகளில், தொப்பியின் ஒலி இயந்திர இரைச்சலுள் அமிழ்ந்துபோயிற்று. அதை மீட்க அவர் ஒலியை உயர்த்திக்கொண்டே போனார். வலுவை இருமடங்காக்கினாலும் ஒலிமட்டம் 3 தெசிபெல்லே ஏறும். இருமடங்கு உரப்பாகச் செவி உணர்வதற்கு ஏறத்தாழ 10 மடங்கு வலு தேவை. அதற்கு முன்பே சிறு கூம்பு கரகரக்கும். நாள் முழுதும் கேட்கும் செவியும் நலியும்.

தனி விரியலாக்கியும், பெட்டியில் அமைந்த 12 அங்குலத் தாழொலிபெருக்கியும் பூட்டிய பின், அவர் முன்னிலும் ஒலியைக் குறைத்தே கேட்கிறார். தொப்பி பேசுகிறது, முந்தவரும் வாகனத்தின் எச்சரிக்கை ஒலியும் கேட்கிறது. விரியலாக்கி வாங்கச் செல்வோருள் எத்தனை உவாற்று என்று வினவுவோர் பலர். எந்த ஒலி குறைகிறது என்று எண்ணிப்பார்ப்போர் சிலரே.