மனோகரன் சங்கிலி

ஒரகடத்தில் பிளாஸ்டிக் உதிரிபாகம் வார்க்கும் ஆலையில் வேலை. இரும்பு அச்சு திறக்குந்தோறும் ஒரே மாதிரித் துண்டு விழும். அந்தக் கையோடுதான் வல்லக்கோட்டை வாடகை வீட்டில், 1954இல் வந்த ‘மனோகரா’வில் சிவாஜி பூண்ட சங்கிலியைச் செய்ய உட்கார்ந்தேன். அப்பாவுக்காக. பக்கவாதம் வலக்கையையும் பேச்சையும் கொண்டுபோன பிறகு அவரிடம் மிஞ்சியது அந்தத் தர்பார் வசனம் மட்டும். கருணாநிதியின் வசனம் வெறும் ஆரவாரம் என்று நண்பர்களோடு சேர்ந்து நானும் சொல்லியிருக்கிறேன், அவர் காதுபடவே.

மரத்தில் ஒரு வளையம் இழைத்து, சிலிக்கான் ரப்பரில் இரண்டு பாதியாக அச்செடுத்தேன். தனித்தனியே வார்த்த வளையங்கள் கோக்க வராது. ஒன்றுவிட்டு ஒன்றை ரம்பத்தால் அறுத்து, கோத்து, மறுபடி ரெசின் வைத்து ஒட்டவேண்டும். மே மாத வெக்கையில் ரெசின் டம்ளரிலேயே இறுகிற்று. வார்த்ததிலும் குமிழிகள். ஆலையில் என்றால் கழிவுத்தொட்டிதான். இங்கே கறுப்புப் பெயிண்ட் அடித்து, துருவேறிய இரும்பு என்று சொல்லிக்கொண்டேன்.

மடியில் வைத்தேன். அரைக் கிலோகூட இராது. இடக்கையால் தூக்கினார்; கை கனம் தாங்காததுபோல் தாழ்ந்தது. பிடிக்கப் போனேன், விடவில்லை. வசனம் வரவில்லை. நான் ஒட்டிய வெட்டு ஒன்றை வெகுநேரம் நகத்தால் தடவிக்கொண்டிருந்தார்.