தரைத்தளத்து மனுதாரர்கள்

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கெல்லாம் ஆட்சியர் அலுவலக வாசல் நிரம்பிவிடுகிறது. மக்கள் குறைதீர்க்கும் நாள். எந்த மாவட்டம் என்பது வேண்டாம்; எதைச் சொன்னாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. வேப்பமரத்தடியில் மனு எழுதிக் கொடுப்பவர்கள் மடக்கு மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நுழைவாயிலில் போலீஸ்காரர்கள் ஒவ்வொரு பையையும் துழாவுகிறார்கள், தண்ணீர் பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்க்கிறார்கள். 2017-இல் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பமே தீக்குளித்த பிறகு பல ஊர்களில் இந்தச் சோதனை பழகிப்போய்விட்டது.

எனக்குப் பட்டா பெயர் மாற்றம். டோக்கன் வெகு பின்னால். சிமெண்டு பெஞ்சில் ஓரமாக இடம் கிடைத்தது. அங்கிருந்து வாசலும் தெரிந்தது, மனுப் பதிவு செய்யும் கவுண்டரும் தெரிந்தது.

கட்டடத்துக்கு ஆறு படி. பக்கவாட்டில் சாய்தளம் இருக்கிறது. இல்லையென்று யாரும் சொல்லிவிட முடியாது. ஓர் அடி உயரம் ஏறப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளில் உள்ள கணக்கு. ஆறு படிக்கு மூன்றடி உயரம் என்றால் முப்பத்தாறு அடி நீளம் ஓட வேண்டும். இங்கே அதில் பாதிகூடத் தேறாது. வழவழவென்று டைல்ஸ் வேறு ஒட்டியிருக்கிறார்கள். கைப்பிடி ஒரு பக்கம்தான். அடிவாரத்தில் நான்கு பைக்குகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கின்றன.

இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டரில் ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். போலியோவில் சூம்பிய இரண்டு கால்களையும் மடித்து உட்கார்ந்திருந்தார். சாய்தளம் வரை வந்து இரண்டு முறை ஹாரன் அடித்தார். பைக்குகளுக்குச் சொந்தக்காரர்கள் யாரும் வரவில்லை. வண்டியை மரத்தடிக்குத் திருப்பினார். இருக்கையிலிருந்து வழுக்கி இறங்கி, ஒரு ஜோடி ஹவாய் செருப்பை எடுத்துக் கைகளில் மாட்டிக்கொண்டார். மனு வைத்திருந்த மஞ்சப்பையின் காதைப் பல்லில் கவ்விக்கொண்டார். வெயில் ஏறிவிட்டிருந்தது. செருப்பு போட்ட கைகளை ஊன்றி, உடம்பைத் தூக்கித் தூக்கி வைத்து முதல் படி வரை வந்தார்.

காவலுக்கு நின்ற இளைஞர் ஓடிவந்தார். நல்ல மனசுதான்.

“அண்ணே, இருங்க, ரெண்டு பேரா தூக்கி விட்டுடறோம்.”

பையை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவர் சொன்னார்: “தூக்க வேணாம் சார். அந்த வண்டிய நகத்தச் சொல்லுங்க.”

இளைஞர் பைக்குகளைப் பார்த்தார். “ஸ்டாஃப் வண்டிண்ணே. சைடு லாக் போட்டிருக்கு.”

அதற்குமேல் பேச்சில்லை. ஆறு படியையும் கையாலேயே ஏறினார். பக்கத்தில் நடந்தவர்கள் சற்று விலகி வழிவிட்டார்கள். ஒரு பெண்மணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உச்சுக்கொட்டினாள். அந்த ஸ்கூட்டரைக் கொடுத்ததும் அரசாங்கம்தான். வண்டியின் முதுகில் அரசு முத்திரை இருந்தது.

அமெரிக்காவில் டென்னசி மாநிலத்து ஜார்ஜ் லேன் நினைவுக்கு வந்தார். வழக்குக்காக நீதிமன்றம் போனவர். லிஃப்ட் இல்லாத கட்டடம், விசாரணை மாடியில். முதல் முறை தவழ்ந்து ஏறினார். அடுத்த முறை தவழவும் மாட்டேன், என்னைத் தூக்கவும் வேண்டாம் என்று கீழேயே இருந்துவிட்டார். ஆஜராகவில்லை என்று சொல்லிக் கைது செய்தார்கள். அவர் மாநிலத்தின் மீதே வழக்குப் போட்டு, 2004-இல் உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தார். ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் வந்த தீர்ப்பு. நம்மூர்க்காரருக்கு வழக்குப் போடும் எண்ணமெல்லாம் இல்லை. மனு கொடுத்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்குள் கடைக்குத் திரும்ப வேண்டுமென்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கவுண்டரில் எண்ணை வாயால்தான் கூப்பிடுகிறார்கள். சுவரில் திரை மாட்டியிருக்கிறது; அதில் அரசின் சாதனைப் படம் ஓடுகிறது. காது கேளாத ஒரு பெண், மகளோடு வந்திருந்தாள். பிள்ளைக்குப் பத்து வயதுக்குள்தான் இருக்கும். பள்ளிக்கூடச் சீருடை, ரெட்டைச் சடை. எண் கூப்பிட்டதும் தாயின் முழங்கையைத் தட்டினாள். இருவரும் கவுண்டருக்குப் போனார்கள். சைகை மொழிபெயர்ப்பாளர் யாரும் அங்கே இல்லை. அந்த வேலையைப் பிள்ளை செய்தாள்.

“அம்மா என்ன கேக்குறாங்க?”

“பென்ஷன்.”

“ஆதரவற்ற பெண்ணா, மாற்றுத்திறனாளியா? எதுல போடணும்?”

பிள்ளை விழித்தாள். எழுத்தர் வேறு விதமாகக் கேட்டார். “அப்பா கூட இருக்காராம்மா? விட்டுட்டுப் போய் எத்தனை வருஷம் ஆகுது?”

கேள்வி தாய்க்கு. பிள்ளை அதைச் சைகையில் சொல்லவே இல்லை. தாய் மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள், என்ன கேட்கிறார்கள் என்று விரலால் கேட்டாள். பிள்ளை குனிந்தபடி, “ரெண்டாங்கிளாஸ் படிக்கிறப்ப போயிட்டாரு” என்றாள். எழுத்தர் அதைத் தட்டச்சு செய்தார்.

தமிழ்நாடு கொடுப்பதில் கஞ்சத்தனம் காட்டுவதாகச் சொல்ல மாட்டேன். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை. வருவாய்த் துறை வழியாக மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 1,500. எழுபது வயது கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருளை வீட்டு வாசலுக்கே கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025-இல் வந்தது. மெரினாவில் கடலைத் தொடும் தூரம் வரை மரப்பாதை போட்டார்கள். உள்ளாட்சி மன்றங்களில் நியமன இடம் தரச் சட்டம் திருத்தினார்கள். குறை எங்கே என்றால், பொருளைக் கொடுக்கும் வேகம் வழியைக் கொடுப்பதில் இல்லை.

கவுண்டரின் கடைசி ஜன்னலில் ஒரு கிழவர். தொழுநோய் குணமாகி வெகுகாலம் ஆகியிருக்க வேண்டும். விரல்கள் கணு வரைதான் இருந்தன. கைரேகை இயந்திரம் அவருடைய கையை ஏற்கவில்லை. ஒவ்வொரு விரலாக வைக்கச் சொன்னார்கள். அவர் சளைக்காமல் வைத்தார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கடைசியில் யாரோ கருவிழிக் கருவியைத் தேடப் போனார்கள். அதுவரை கிழவர் நகரவில்லை. நகர்ந்தால் வரிசை போய்விடும் என்று அவருக்குத் தெரியும்.

இன்னொரு ஜன்னலில் பார்வையற்ற ஒருவர், இஸ்திரி போட்ட சட்டையில், மடக்குக் கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. ஆசிரியர் என்று பேச்சில் தெரிந்தது. எழுத்தர் மை ஒற்றும் டப்பாவை அவர் பக்கம் தள்ளினார். “சார், கைநாட்டு வச்சிருங்க.”

“கையெழுத்துப் போடுவேன்மா.”

சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய பிளாஸ்டிக் அட்டையை எடுத்தார். நடுவில் நீளவாக்கில் ஒரு சந்து வெட்டியிருந்தது. எழுத்தர் அவர் விரலைப் பிடித்துக் காகிதத்தில் இடம் காட்டினார். அட்டையை அங்கே வைத்து, சந்துக்குள் பேனாவை ஓட்டினார். கோடு நேராக இருந்தது. போடுவதற்கு முன் ஒரு காரியம் கேட்டார்: “என்ன எழுதியிருக்குன்னு ஒரு தடவை படிச்சுக் காட்டிடுங்க.” அந்த எழுத்தர் எழுந்து கவுண்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, அவர் காதோரம் மெதுவாக முழு மனுவையும் படித்தார். அன்று காலை நான் பார்த்ததில் உருப்படியான காரியம் இதுதான். சட்டம் இதற்கு நியாயமான ஏற்பாடு என்று பெயர் வைத்திருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில், அந்த ஏற்பாட்டைச் செய்ய மறுப்பதும் பாகுபாடுதான்.

என் பக்கத்தில் சக்கர நாற்காலியில் ஒரு பெண். முதுகுத் தண்டுவடத்தில் அடிபட்டவர். கூட வந்த தங்கை தண்ணீர் நீட்டியபோது தலையாட்டி மறுத்தார். “நேத்து ராத்திரியிலேர்ந்து குடிக்கலடி. இங்க எங்க போறது?” கூடத்தின் கோடியில் சக்கர நாற்காலிப் படம் போட்ட கழிப்பறை இருந்தது. பூட்டு தொங்கியது. தங்கை போய்ச் சாவி கேட்டுவிட்டு வந்தாள்; சாவி வைத்திருப்பவர் கூட்டத்துக்கு நாற்காலி போடப் போயிருக்கிறாராம். பிறகு ஒருவர் வந்து திறந்தார், துடைப்பம் எடுக்க. உள்ளே உடைந்த மேசையும் தேர்தல் நேரத்துத் தட்டிகளும் மேற்கூரை வரை அடுக்கியிருந்தன. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மறுபடி பூட்டிவிட்டார்.

பதினொன்றரை மணிக்கு ஆட்சியர் இறங்கி வந்தார். மனுக் கூட்டம் நடக்கும் அரங்கம் முதல் மாடியில். லிஃப்டில் ‘பழுது’ என்று ஒட்டிய தாளே பழுப்பேறிவிட்டது. அதனால் மாற்றுத்திறனாளிகளைத் தரைத்தளத்தில் வரிசையாக உட்காரவைத்து, ஆட்சியரே அவர்களிடம் வந்து மனு வாங்குவது இங்கே வழக்கம். பல மாவட்டங்களில் நடப்பதுதான். இளம் அதிகாரி, முட்டி மடித்து உட்கார்ந்து, கண்ணைப் பார்த்துப் பேசினார். புகைப்படக்காரர்கள் பளிச்சென்று எடுத்தார்கள். நாளைக்குப் பேப்பரில் வரும். அதில் அவர் இறங்கி வந்தது தெரியும், லிஃப்ட் ஓடாதது தெரியாது.

அந்தக் கனிவை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மாடியில் என்ன நடக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அங்கே வருவாய், காவல், கூட்டுறவு, நகராட்சி, குடிநீர் வாரியம் எல்லாத் துறை அதிகாரிகளும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆட்சியர் மனுவைப் படித்ததும் திரும்பிப் பார்த்து, ‘தாசில்தார், இது என்ன?’ என்று கேட்க முடியும். பதில் அங்கேயே வரும். கீழே அந்த வசதி இல்லை. வாங்கிய மனுக்கள் ஒரு கட்டாகி மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் கைக்குப் போகின்றன.

செருப்பைக் கையில் மாட்டி வந்தவரின் முறை வந்தது. ஆட்சியர் அன்பாக, “ஸ்கூட்டர் நல்லா ஓடுதா? வேற என்ன வேணும்?” என்றார்.

“வண்டி நல்லா ஓடுதுங்க ஐயா. பொதுப் பாதையில பக்கத்து வீட்டுக்காரரு கல்லு நட்டுட்டாரு.”

ஆட்சியர் தலையசைத்து மனுவை வாங்கிப் பக்கத்தில் கொடுத்தார். அங்கே நின்றவர் பார்க்காமலே முத்திரை குத்தினார்: மாற்றுத்திறனாளிகள் நலம். மனுதாரர் எட்டிப் பார்த்தார். “சார், இது ஆக்கிரமிப்பு சார். சர்வேயர் வரணும்.” முத்திரை குத்தியவர், “எல்லாம் போய்ச் சேரும், நீங்க கெளம்புங்க” என்று அடுத்த மனுவை எடுத்தார்.

எனக்கு அன்று மிக அதிகமாக உறுத்தியது படியோ பூட்டோ அல்ல, இந்த முத்திரைதான். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 11.79 லட்சம் மாற்றுத்திறனாளிகள். அவர்களுக்கும் நிலம் இருக்கிறது, கடன் இருக்கிறது, வராத குடிநீர் இருக்கிறது, ரவுடி மச்சான் இருக்கிறான். அத்தனையும் ஒரு துறையின் கதவில் கொண்டுபோய்க் கொட்டப்படுகின்றன. என் பட்டா மனு மாடிக்கு ஏறிப்போய்த் தாசில்தார் மேசைக்குப் பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. அதில் என் திறமை ஒன்றுமில்லை. எனக்கு மாடிப்படி ஏறத் தெரியும், அவ்வளவுதான்.

சட்டம் இதையெல்லாம் யாருடைய கனிவுக்கும் விட்டுவைக்கவில்லை. ஏற்கனவே இருக்கும் பொதுக் கட்டடங்களை, விதிகள் வெளியான ஐந்தாண்டுக்குள் எல்லாரும் புழங்கும்படி மாற்றியாக வேண்டும். விதிகள் வந்தது 2017 ஜூன். கெடு 2022 ஜூனில் முடிந்தது. பார்வைக் குறைபாடுள்ள ராஜீவ் ரதூரி 2005-இல் போட்ட பொதுநல வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போனது. அணுகல் பற்றிய பதினைந்தாம் விதி வெறும் பரிந்துரை போல எழுதப்பட்டிருப்பது சட்டத்துக்கே முரண் என்று அதைத் தள்ளி, கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் வகுக்கச் சொன்னது. மீறினால் அபராதமும் சட்டத்தில் உண்டு: முதல் முறை பத்தாயிரம் ரூபாய் வரை, அடுத்தடுத்து ஐம்பதாயிரத்திலிருந்து ஐந்து லட்சம் வரை.

உங்கள் ஊர் அரசு அலுவலகத்தில் சாய்தளத்தை மறித்து வண்டி நின்றால், கழிப்பறை பூட்டிக் கிடந்தால், லிஃப்ட் ஓடாவிட்டால், தேதி போட்டு ஒரு படம் எடுத்து மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதுங்கள். வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதில்லை. விசாரிக்கும்போது உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் அவருக்கு உண்டு. இந்தப் புகாரையும் சாய்தளத்தில் ஏற முடியாதவர்களே வந்து கொடுக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.