எந்தப் பள்ளிக்கூடம் மனே?

மட்டக்களப்பில் ஒரு பிள்ளையிடம் பெயருக்கு அடுத்ததாகக் கேட்பது இதைத்தான்.

1814இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் புளியந்தீவில் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரி என்றால் கேட்டவரின் முகம் மலரும். 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரி என்றாலும் அப்படித்தான். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு வித்தியாலயம் என்றால், "அது எங்க கிடக்கு?" என்று மறு கேள்வி வரும்.

நான் அந்தக் கரைப் பிள்ளை. டவுன் ரியூசன் வகுப்பில் பள்ளிக்கூடத்தின் பெயரை மென்று விழுங்கிய நாட்கள் உண்டு.

அந்த வெட்கம் எங்கிருந்து வந்தது? யுத்த காலத்தில் எங்கள் பள்ளிக்கூடங்கள் இடம்பெயர்ந்தன. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அந்தத் துறையால் வந்த ஆசிரியர்கள் 'பாதை' என்ற மிதவைக்குக் காத்திருந்துதான் வாவியைக் கடந்தார்கள். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலில் சித்தியடைந்த கெட்டிக்காரப் பிள்ளைகள் பலர் டவுனுக்குப் போய்விடுவார்கள். மிஞ்சியவர்களை வைத்துப் பாடம் நடத்தி, ஏஎல் வரை கொண்டுவந்து விட்டவர்கள் எங்கள் வாத்திமார். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

மிக்கேலில் படித்த விபுலாநந்த அடிகளார் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைக் கட்டியெழுப்பினார். பெயர்பெற்ற பள்ளிக்கூடத்தில் படித்தவருக்கு அதுதான் பெருமை.

டவுன் கல்லூரிகளின் பழைய மாணவர்களே, உங்கள் 'பிக் மேட்ச்' கொண்டாட்டம் நன்றாக நடக்கட்டும். அதோடு, படுவான்கரையில் விஞ்ஞான ஆசிரியர் இல்லாத ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சனிக்கிழமைகளில் வந்து பாடம் சொல்லிக்கொடுங்கள். இப்போது பாலம் இருக்கிறது.