மூச்சை எண்ணும் மொபைல்

மாற்றலாகி நாக்பூர் வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. பொண்ணு கோவையில் பி.எஸ்சி. நர்சிங், மூணாவது வருஷம். காலையில் வார்டு டியூட்டி, மதியம் வகுப்பு, ராத்திரி ரெக்கார்டு நோட்டு. ஒருநாள் போனில், "படிப்பை விட்டுடலாம்னு இருக்குப்பா" என்றாள்.

நமக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். மார்ச் மாசக் கணக்கு முடிப்பில் தூக்கம் கெட்டபோது எனக்கு உதவிய தியான ஆப்பை இறக்கிக்கொள்ளச் சொன்னேன். சந்தாவும் நானே கட்டினேன். பிரச்சினை தீர்ந்தது என்று நிம்மதியாகத் தூங்கியும் விட்டேன்!

ஆப்தான் புதுசு, சரக்கு பழசு. 1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜான் கபாட்-ஸின் பயிற்சி ஒன்றை ஆரம்பித்தார். மூச்சைக் கவனிக்க வேண்டும். மனசு ஓடினால் திட்டாமல் திரும்பக் கூட்டிவர வேண்டும். இப்போதைய பல ஆப்களில் அதே பயிற்சிதான், பத்துப் பத்து நிமிஷமாக நறுக்கிக் காதுக்குள் வருகிறது. நெற்றியில் பட்டை மாட்டி மூளை அலையை அளந்து, மனசு அமைதியானால் பறவைச் சத்தம் கொடுக்கும் கருவிகூட இருக்கிறது.

ஒரு வாரம் கழித்து எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"கண்ணை மூடினா அந்தப் பாட்டிதாம்பா வர்றாங்க."

எந்தப் பாட்டி? அப்போதுதான் சொன்னாள். மூணு நாள் அவள் பார்த்துக்கொண்ட பாட்டி, அவள் டியூட்டியிலேயே இறந்துபோனாராம். அவள் பார்த்த முதல் சாவு. முகத்தை மூடிவிட்டு அடுத்த பெட்டுக்கு பி.பி. பார்க்கப் போயிருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லையே, ஆப்பைத்தானே கொடுத்தேன்!

பர்ன்அவுட் என்பது ஒரு வியாதி அல்ல, வேலையிடத்தில் சமாளிக்கப்படாமல் நாள்பட்டுப்போன அழுத்தத்தின் விளைவு என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. பாங்க் பாஷையில் சொன்னால், ஆப் வட்டியைக் கட்டும். அசல் அப்படியே நிற்கும்.

அன்று ஒரு மணி நேரம் பேசினாள், அழுதாள். நான் புத்தி சொல்லவில்லை. மறுநாள் வார்டு சிஸ்டரிடமும் சொல்லியிருக்கிறாள். அவர் தன்னுடைய முதல் சாவைப் பற்றிச் சொன்னாராம்.

படிப்பை விடவில்லை. ஆப்பையும் விடவில்லை. டியூட்டி முடிந்து பஸ்ஸில் வரும்போது பத்து நிமிஷம், கண்ணைத் திறந்தபடியே கேட்கிறாள். ராத்திரி ஒன்பதரைக்கு என் போன்.

பிள்ளைகளைத் தூரத்தில் படிக்க வைத்திருப்பவர்களே, ஆப் வாங்கிக் கொடுங்கள், தப்பில்லை. அதுக்கு முன்னாடி, "இன்னிக்கு வார்டுல என்னம்மா நடந்தது?"ன்னு ஒரு தடவை கேட்டுடுங்க.